ஒரு கை திறந்த ஸ்வெட்டர்

போன வருஷம் மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொண்ணூற்றாறு கண்ணிகளைப் பின்னல் ஊசியில் ஏற்றினேன். எனக்கே எனக்காக ஒரு ஸ்வெட்டர். இன்னும் ஒரு மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கப்போகிற ஊரில் ஸ்வெட்டர் பின்னுகிறவளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். கீழ்வீட்டு அம்மா காய்கறிக் கூடையோடு நின்று, "ஊட்டிக்குப் போறீங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

எனக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் வேலை செய்வதை நிறுத்தி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. திங்களும் வியாழனும் காலை ஆறரைக்கு டயாலிசிஸ். கணவர் ஸ்கூட்டரில் என்னைக் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறார். ஊசி குத்தி மிஷின் ஓடத் தொடங்கும்வரை வெளியே நின்றிருந்துவிட்டு வேலைக்குப் போவார். பதினொரு மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

அந்த அறையின் குளிரை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மிஷின்களுக்காக ஏசியை எப்போதும் கூட்டியே வைத்திருப்பார்கள். அதோடு, நம் ரத்தமே நான்கு மணி நேரம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றிவிட்டு ஆறித்தான் உள்ளே வருகிறது. வெளியே தார் உருகும். உள்ளே எனக்குப் பல் கிட்டும். ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்று தருவார்கள். ஆனால் ஊசிகள் குத்தியிருக்கும் இடது கையை மூடக்கூடாது. ஊசி நழுவினால் நர்ஸ் கண்ணில் பட வேண்டும். அதனால் தோளிலிருந்து விரல்வரை அந்தக் கை மட்டும் நான்கு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். அது என் கைதானா என்று சில நாள் சந்தேகம் வரும்.

அதற்காகத்தான் அந்த ஸ்வெட்டர். முன்பக்கம் பட்டன். வலது கை சாதாரணமாக இருக்கும். இடது கையின் வெளிப்பக்கத்தைத் தைக்காமல், தோளிலிருந்து மணிக்கட்டுவரை திறந்துவிட்டு, அழுத்தினால் மூடிக்கொள்ளும் சின்னப் பட்டன்கள் வைப்பதாகத் திட்டம். ஊசி குத்துகிற இடத்தில் மட்டும் நான்கு பட்டன்களைத் திறந்துகொண்டால் போதும். மற்ற இடமாவது சூடாக இருக்கும். ஒரு பழைய நோட்டில் படம் வரைந்து, அளவு எடுத்து, கண்ணிக் கணக்குப் போட்டேன். வெகுநாளைக்குப் பிறகு ஒன்றைச் செய்யவேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எனக்கு இந்த ஆசை எப்போதுமே மாசி பங்குனியில்தான் கிளம்பும். நோய் வருவதற்கு முன் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் நூலகத்துப் பக்கமே வரமாட்டார்கள். மேஜை இழுப்பறைக்குள் கம்பளி நூலை வைத்துக்கொண்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் பின்னக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் மூன்று வேலையை ஒரே நேரத்தில் தொடங்குவேன். சித்திரை வந்ததும் விரலெல்லாம் வியர்த்து, நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் பையில் போட்டு அலமாரியில் தள்ளிவிடுவேன். என் தங்கை மகள் பிறந்தபோது ஒரு ஜோடி காலுறை தொடங்கினேன். ஒன்றை முடித்தேன். இரண்டாவதை முடிப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்து, செருப்பு வாங்கிவிட்டார்கள். அந்த ஒற்றைக் காலுறை இன்னும் என் துணிகளுக்கு நடுவே கிடக்கிறது.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போயிற்று. டயாலிசிஸ் நாளில் எதுவும் முடியாது, வந்து படுத்தால் மறுநாள் காலைவரை எழுந்திருக்கப் பிடிக்காது. இடைப்பட்ட நாட்களில் உடம்பு கேட்டால் முப்பது வரிசை, நாற்பது வரிசை. பின்பக்கம் அக்குள்வரை வந்துவிட்டது. திறக்கிற இடது கையையும் தனியாகப் பின்னி வைத்தேன்.

என் அடுத்த கட்டிலில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். டவுனில் பழைய கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கூட அவள் அம்மா வருவார். அறைக்குள் ஆள் விடமாட்டார்கள் என்பதால் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசுவாள். எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கியதும் சத்தமாக அறிவிப்பாள். போன முறைக்கும் இந்த முறைக்கும் கூடின எடை முழுக்க நாங்கள் குடித்த தண்ணீர்தான். வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும்.

"ரெண்டே முக்கால் கிலோ அக்கா! நான் குடிக்கவே இல்ல, எங்கேருந்து வருதுன்னே தெரியல."

"குழம்பு, ரசம்லாம் கணக்குல வராதா?" என்று நர்ஸ் கேட்பாள்.

"ரசத்தப் போய் தண்ணின்னு சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

அந்த அறையில் யாராவது சிரித்தால் அது அவளால்தான்.

மாசி பாதியில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. அவளால் நோன்பு வைக்க முடியாது. அவள் அம்மா வைத்தார். நான்கு மணி நேரம் வராந்தாவில் எச்சில்கூட விழுங்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் முதல்முறையாக முகம் வாடினாள். "தண்ணி குடிக்காம இருக்கறதுல நாந்தான் எல்லாரையும் விட ஒஸ்தி. ஆனா அது கணக்குல சேராது, பாருங்க" என்றாள்.

அன்று பேச்சை மாற்றத்தான் என் ஸ்வெட்டர் பற்றிச் சொன்னேன். போனில் படம் காட்டினேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கை இப்படித் திறந்துக்குமா? யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நானே யோசிச்சதுதான்."

"அக்கா, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்களேன். இந்தக் குளிர்ல செத்துருவேன் போலருக்கு."

"என்ன கலர் வேணும்?"

கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன். "மாம்பிஞ்சு கலர்" என்றாள். "முத்தின காய் கலர் இல்ல. மரத்துல அப்பத்தான் வந்திருக்கும்ல, அந்த மாதிரி."

பெரிய கடைத்தெரு ஃபேன்ஸி ஸ்டோர்களில் கணவரை அலையவிட்டேன். கிளிப்பச்சை இருந்தது, பாசிப்பச்சை இருந்தது. கடைசியில் ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். மாசிக் கடைசியில் பார்சல் வந்தது. உருண்டையாக இல்லாமல், பெரிய வளையமாக முறுக்கிக் கட்டிய சிட்டங்களாக எட்டு. கையில் எடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு மெத்து. என் ஸ்வெட்டரை அப்படியே நிறுத்திவிட்டு அவளுடையதைத் தொடங்குவதென்று முடிவு செய்தேன். எனக்கு இது புதிதில்லை. புது நூல் வந்தால் பழைய வேலை கசந்துவிடும்.

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வந்தாள். எனக்கு அவள் ஒருத்திதான். அப்பா அம்மா இல்லை. திருவெறும்பூரில் இருக்கிறாள், கணவர் அங்கே தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கிட்னி கொடுப்பதாக அவளே முன்வந்து, தை மாதத்தில் பரிசோதனைகள் எல்லாம் ஆகியிருந்தன. என் கணவருக்குச் சர்க்கரை, அவர் கொடுக்க முடியாது. தங்கைக்கு எல்லாம் பொருந்திவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, கணவர் திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் அழுதார். மேற்கொண்டு நாள் குறிப்பதுதான் பாக்கி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, கையில் டிபன் கேரியரோடு வந்து நின்றாள். எனக்கு ஆகிற மாதிரி காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் செய்த கூட்டு. கணவர் வெளியே போயிருந்தார். அவள் வந்த நேரம் நான் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். சுற்ற இன்னொருவர் இரண்டு கைகளையும் நீட்டி நூலை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

"நல்ல நேரத்துல வந்த. கைய நீட்டு" என்றேன்.

எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைகளை நீட்டினாள். நான் சுற்ற ஆரம்பித்தேன். நாலைந்து சுற்றுக்குப் பிறகு அவள் பேசினாள்.

"அக்கா, டெஸ்ட் எல்லாம் சேர்ந்துருச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"ஆமா."

"அவரு யோசிக்கிறாரு."

"மாப்பிள்ளையா?"

"வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லல. பொண்ணு வளந்துட்டிருக்கா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பான்னு கேட்டாரு. கேட்டுட்டு அதோட சரி. பத்து நாளா வீட்டுல பேச்சே இல்ல."

நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. நூல் அவள் இடது கையிலிருந்து வலது கைக்குப் போய்த் திரும்பி என்னிடம் வந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன்.

அவள் கைகளுக்கு நடுவே ஓடும் நூலையே பார்த்தாள்.

"எனக்கும் பயமா இருக்குக்கா. டெஸ்ட்டுக்குப் போறப்பல்லாம் இல்ல. எல்லாம் சேந்துருச்சுன்னு சொன்னாங்க பாரு, அன்னைலேருந்துதான். தூக்கமே வரல."

அதைச் சொல்லத்தான் அவள் இரண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். மாப்பிள்ளை பேச்சு அதற்கு முன்னால் வைத்துக்கொண்டது.

"சரி, விடு" என்றேன்.

"அக்கா, கோபமா இருந்தா திட்டிரு."

"கோபம்லாம் இல்ல. கைய இறக்காத, சிக்கிக்கும்."

அவள் அழத் தொடங்கினாள். இரண்டு கையும் நூலில் மாட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை. தலையைச் சாய்த்துத் தோளில் துடைத்துக்கொண்டாள். நான் நூலை எடுத்துவிட்டு அவள் கைகளை விடுவித்திருக்கலாம். செய்யவில்லை. அந்தச் சிட்டம் முடியும்வரை சுற்றினேன், முடிந்ததும் அடுத்ததை எடுத்து மாட்டினேன். எட்டையும் சுற்றி முடித்தேன். அவளும் கைகளை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று செய்தது என்ன என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. கோபம் இல்லை என்று வாய்தான் சொல்லிற்று.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். வாசல்வரை போய்த் திரும்பி, "அத்தான்கிட்ட நானே சொல்லட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கணவரிடம் நான்தான் சொன்னேன். அவர் எழுந்து குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார், துடைத்தார், மறுபடி போய்க் கழுவினார். மற்றபடி இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புக்காக என் பெயரும் பதிவாகியிருக்கிறது. வரிசையில் எத்தனையாவது என்று கேட்பதை ரொம்ப நாளைக்கு முன்பே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நாலைந்து வாரம் பின்னல் ஊசியைத் தொடவில்லை. பச்சை உருண்டைகள் எட்டும் ஒரு மூங்கில் தட்டில் ஹாலிலேயே இருந்தன. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும். ஒரு நாள் வேலைக்காரம்மா அவற்றைத் தூசு தட்டி அழகாக அடுக்கி வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். தெருவில் பங்குனி உத்திரக் கூட்டம். வெளியூர் பஸ்காரர்கள் வழி கேட்டு நிறுத்துவார்கள். மூலைக்கு மூலை பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன். அன்பாகக் கூப்பிட்டு டம்ளரை நீட்டுகிறவர்களிடம் என்னவென்று விளக்குவது?

பக்கத்துக் கட்டில் பெண் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். "எம் ஸ்வெட்டர் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முதுகு முடியப்போகுது" என்று பொய் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் என் இடது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அது விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் இழுத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். சிலருக்கு இப்படி ஆகுமாம். விரல் நுனிகள் வெளுத்து, வெயிலில் நின்றாலும் சில்லென்றிருந்தன.

"கையால ஏதும் நுணுக்கமான வேலை செய்யறீங்களா?" என்று கேட்டார்.

"பின்னுவேன்."

"கொஞ்ச நாளைக்கு வேண்டாமே. இன்னும் மோசமானா இதை மூடிட்டு, வலது கையில புதுசாப் போட வேண்டியிருக்கும்."

சரி என்றேன். எப்படியும் நான் பின்னிக்கொண்டிருக்கவில்லை.

சித்திரை தொடங்கியபோது ஒரு வியாழக்கிழமை, அந்தப் பெண் உள்ளே வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு ஊசி குத்தி முடிக்கும்வரை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அம்மாவோடது பொருந்திருச்சு. பெருநாள் முடிஞ்சு டெஸ்ட்டுக்குப் போனோம், உங்ககிட்டகூடச் சொல்லல. கண்ணு பட்டுரும்னு அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. அடுத்த மாசம் மதுரையில ஆபரேஷன். இன்ஷா அல்லாஹ்."

கண்ணாடி வழியாக வராந்தாவைப் பார்த்தேன். அந்த அம்மா வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு. அறுபதுக்கு மேல் இருக்கும். அவருக்குப் பயமில்லையா, தூக்கம் வருகிறதா என்று தோன்றிற்று. உடனே என் தங்கை கைகளை நீட்டி உட்கார்ந்திருந்த காட்சி வந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா" என்று அவளிடம் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன். பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தேன். என் வெறும் கை மட்டும் வெளியே கிடந்தது.

எனக்கு அவள் மேல் பொறாமை. இதை இப்போது எழுதுவதால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே, டயாலிசிஸ் நாள் என்றுகூடப் பார்க்காமல், பச்சை நூலை எடுத்துக் கண்ணி ஏற்றினேன். அவள் கடைசியாக வந்துபோவதற்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வெறி. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். கெட்ட எண்ணத்தை மறைக்க எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. விரல்களில் பவுடர் போட்டுக்கொண்டேன். ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். வலது கை வியர்த்து வழியும், இடது கை சில்லிட்டிருக்கும். எந்தக் கண்ணி விரலைவிட்டு நழுவியது என்றே தெரியாது. கணவர் பார்த்துவிட்டு, "டாக்டர் வேணாம்னாருல்ல" என்றார். நான் அடுத்த கண்ணியை எடுத்தேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

அவள் கடைசியாக வந்த நாளில் முதுகும் முன்பக்கம் ஒன்றும்தான் முடிந்திருந்தன. கொண்டுபோகவில்லை. "பரவால்லக்கா, இனிமே எனக்கு எதுக்கு? நீங்களே போட்டுக்கங்க" என்றாள். சொன்ன பிறகு, தான் என்ன சொன்னோம் என்று உறைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருவரும் சிரித்துச் சமாளித்தோம். அவள் அம்மா அன்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்து என் தலையில் கைவைத்து, "உங்களுக்கும் வழி பொறக்கும்மா. துஆ கேக்குறேன்" என்றார்.

வைகாசியில் அந்த ஸ்வெட்டரை முடித்தேன். போட்டுக்கொள்ள ஆளில்லாத ஸ்வெட்டருக்குப் பதினெட்டுப் பட்டன் தைத்தேன். முதுகில் ஓரிடத்தில் கண்ணி நழுவி, ஏணி மாதிரி ஓட்டை இறங்கியிருந்தது. கொக்கி ஊசியால் ஏற்றிவிட்டால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். செய்யாமல் மடித்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்.

"அக்கா, நேத்து மூணு லிட்டர் தண்ணி குடிச்சேன். டாக்டரே குடி, குடிங்கறாரு. சொம்பு சொம்பா குடிக்கிறேன். நம்பவே முடியலக்கா. பாத்ரூம் போறப்பல்லாம் அழுதுர்றேன்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"எந்திரிச்சு நடக்கறாங்க. வலி இருக்கு, சொல்ல மாட்டேங்கறாங்க."

"நல்லா இருக்கணும்மா. ரெண்டு பேரும்."

போனை வைத்தேன். நாளுக்கு முக்கால் லிட்டர் எனக்கு. காலையிலேயே பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். மணி மூன்றுகூட ஆகவில்லை, அடியில் இரண்டு வாய்தான் மிச்சம் இருந்தது. குளியலறைக்குப் போய்க் குழாய்த் தண்ணீரை வாய் நிறைய வைத்துக் கொப்பளித்தேன். துப்பினேன். மறுபடி வைத்துக் கொப்பளித்துத் துப்பினேன். விழுங்கிவிடுவேனோ என்று பயந்து வாயைக் கையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனியில் இடது கையில் இருந்ததை மூடிவிட்டார்கள். வலது கையில், முழங்கைக்கு மேலே புதிதாகப் போட்டார்கள். அது தயாராகும்வரை இரண்டு மாதம் கழுத்தில் குழாய். தலைக்குக் குளிக்கக் கூடாது. கீழே குனியக் கூடாது. என் சொந்த ஸ்வெட்டரின் பின்பக்கமும் திறந்த இடது கையும் அலமாரியில் இருந்தன. இனி திறக்க வேண்டியது வலது கை. இடது கையைப் பிரித்து மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும், இரண்டு வார வேலை. எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். நூலின் நுனியைத் தேடி எடுத்து இழுத்தேன். ஒரு வரிசை சரசரவென்று பிரிந்தது, பிறகு நன்றாகவே இருந்தது, இழுத்துக்கொண்டே போனேன். முழுவதும் பிரிந்து, நெளிநெளியாகத் தரையில் குவிந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக் கட்டிவைத்தேன்.

புரட்டாசியில் அவளும் அவள் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். முகக்கவசம் போட்டிருந்தாள். மருந்தினால் கன்னம் உப்பி, உடம்பு பூசினாற்போல் ஆகியிருந்தது. படியேறி வர அவள் அம்மாவுக்குத்தான் மூச்சு வாங்கிற்று. பச்சை ஸ்வெட்டரை எடுத்துக்கொடுத்தேன். "ஐயோ, முடிச்சே வச்சிட்டீங்களா!" என்று பிரித்துப் பார்த்தாள். போட்டுப் பார்த்தாள். முன்பக்கம் பட்டன் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் எட்டவில்லை.

"நான் எளச்சதும் போட்டுக்கறேன்க்கா" என்று சொல்லி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். முதுகில் இருந்த ஓட்டையைப் பார்த்தாளோ என்னவோ. பார்த்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

அவர்கள் போன பிறகு கணவர், "நல்ல பொண்ணு" என்றார். ஆமாம் என்றேன். அவளுக்குப் பதிலாக இப்போது பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் வருகிறார். வந்ததிலிருந்து போகிறவரை கண்ணைத் திறப்பதில்லை.

தங்கை பொங்கலுக்கு வந்தாள். மகளையும் கூட்டிவந்தாள். பால்பொங்கலில் எனக்கு ஒரு கரண்டி மட்டும் எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடம், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தண்ணீர் வராதது, யார் யாருக்குக் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. என் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் திடீரென்று என் இடது கையை எடுத்து விரல்களைத் தேய்த்துவிட்டாள்.

"இப்ப சில்லுன்னு இல்லையே."

"மூடினதுக்கப்பறம் கொஞ்சம் பரவால்ல. சுண்டுவிரல் மட்டும் மரத்தாப்லயே இருக்கு."

தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். மன்னிக்க என்ன இருக்கிறது, அது அவள் உடம்பு. இந்த நியாயமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், அவள் கையை விட்டதும்தான் எனக்குச் சரளமாக மூச்சு வந்தது.

இப்போது மறுபடியும் மாசி. ஐந்து நாளைக்கு முன்னால், நெளிநெளியாகக் கட்டிவைத்திருந்த பழைய நூலை வெந்நீரில் அலசிக் கொடியில் உலர்த்தினேன். ஏன் என்று தெரியவில்லை. எந்தத் திட்டமும் இல்லை, நோட்டில் படமும் போடவில்லை. உலர்ந்ததும் கொஞ்சம் கண்ணி ஏற்றினேன். சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. நூலை வேறு விரலில் மாட்டிப் பார்த்தேன், இழுவை சமமாக வரவில்லை, ஒரு வரிசை இறுக்கமாகவும் ஒரு வரிசை தளர்ந்தும் இருக்கிறது. இரண்டு தடவை பிரித்தேன். மூன்றாம் தடவை பிரிக்க அலுப்பாக இருந்ததால் அப்படியே விட்டுப் பின்னினேன். பதினோரு வரிசை வந்திருக்கிறது. நேற்று தொடவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை. ஐந்தே முக்காலுக்கெல்லாம் கிளம்ப வேண்டும், வந்தால் படுக்கத்தான் முடியும். வெள்ளிக்கிழமை எடுப்பேனா என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.